மறுபக்கத்துச் சக்கரம்

கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டுக் காருக்கடியிலிருந்து முதுகாலேயே ஊர்ந்து வெளியே வந்தவள், முதலில் கட்டிலைத்தான் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உயிரோடதான் இருக்கேன், டாக்டரம்மா," என்றார் அவள் கணவர். "எண்ணெய் ஊத்தியாச்சா?"

"ஊத்தி மூடியும் போட்டாச்சு."

அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் டாக்டரம்மாதான். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியபோது, படுக்கையறை வேண்டாம், கட்டிலைக் கார் ஷெட்டில் போடுங்கள் என்று அடம்பிடித்தார். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டிப் போட்டார்கள்.

போன வருடம்தான் அதன் எஞ்சினைப் பிரித்து மேய்ந்து குதிரைச் சக்தியைக் கூட்டினார். அந்தச் சக்தியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் தாங்கவில்லை. மிதித்தால் பலமெல்லாம் ஒரே சக்கரத்துக்குப் போய், அது நின்ற இடத்திலேயே சுழன்று புகையும். மற்றது சும்மா நிற்கும். கடைசியில் உள்ளே பற்களும் உடைந்தன. இரண்டையும் சேர்த்துச் சுழற்றும் புதியது பெட்டியில் வந்து இறங்கிய வாரம், அவரால் ஸ்பேனரைத் தூக்க முடியவில்லை.

"ஒருத்தர் உழைக்க, ஒருத்தர் வேடிக்கை பாத்தா குடும்பம் ஓடுமா?" என்பார்.

"வேடிக்கை பாக்கறது யாருன்னு நான் சொல்லவா?"

அவர் சொல்லச் சொல்ல அவள் பூட்டினாள். பல்லும் பல்லும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க மஞ்சள் பெயிண்டைத் தடவிச் சுற்றச் சொன்னபோது சிரிப்பு வந்தது. கிளினிக்கில் நீலத்தாளைக் கடிக்கச் சொல்வதும் இதற்குத்தானே. ஆனால் எந்த மனிதர் வாயிலும் அவள் அப்படியொரு கடியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பல்லிலும் நட்டநடுவில் நகமளவு தடம். எல்லாம் ஒரே அச்சு. அவ்வளவு கனத்த இரும்பு, விரல் நுனி பட்டதும் சத்தமில்லாமல் சுழன்றது. பெயிண்டைத் துடைக்க மனம் வராமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய அக்கா பால் டம்ளரோடு ஷெட் வாசலுக்கு வந்தார். "ஏம்மா, அவன் கிடக்கிற கிடையில இதெல்லாம் இப்ப அவசியமா?"

"உங்க தம்பியைக் கேளுங்க அண்ணி."

"ஒரே ஒரு வேலைதான் அக்கா. அப்புறம் சமத்தா குடிச்சிடறேன்."

"நீ எந்தக் காலத்துல சமத்தா இருந்தே?" அக்கா டம்ளரை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

பழைய டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால், மறுபக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும். புதியது சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே திசையில் திரும்பும். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பார்ப்பதற்குத் தலையைத் திருப்ப முடியவில்லை.

"கையை எடுத்து வச்சு விடு. தொட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

கம்பிச் சக்கரம் அது. உச்சியில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர் விரல்களைக் கோத்துவிட்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"முன்பக்கமா சுத்துவேன். கை முன்னால போனா ஜெயிச்சோம்."

"பின்னால போனா?"

"மறுபடி பிரிக்கணும். இந்தத் தடவை நீங்கதான்."

அவர் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவள் காரைச் சுற்றி வந்து வலப்பக்கச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். நடுவில் கார் மறைத்தது. இரண்டு கைகளாலும் பிடித்துத் தள்ளினாள். முதலில் முரண்டியது. பிறகு மெல்ல இடம் கொடுத்தது. அச்சு வழியாக அந்தப் பக்கத்துக் கனம் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. கால் சுற்றோடு நிறுத்தினாள்.

"என்னங்க, போகுதா?"

பதில் இல்லை. கேட்டதற்கு உடனே பதில் சொல்லிவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"போதும் விளையாட்டு. போகுதா இல்லையா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டேதான் சுற்றி வந்தாள்.

உச்சியில் இருந்த கம்பிகள் முன்பக்கம் இறங்கியிருந்தன. கோத்த விரல்கள் அவற்றை விடவில்லை. கை முழுதாக நீண்டு, காரின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றது. போர்வை அசையவில்லை.

"முடிஞ்சுதாம்மா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "பால் ஆறுது பாரு."

"ரெண்டும் ஒரே பக்கமாத்தான் போகுது, அண்ணி," என்றாள்.

பிறகு மண்டியிட்டு, சக்கரம் இனி அசையாதபடி இரண்டு கைகளாலும் டயரைப் பிடித்துக்கொண்டாள்.