ஐந்தாவது படம்

முந்தின நாள் மாலை "சாதாரண இனம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கையை, கோப்பில் வைப்பதற்காகக் காலையில் மறுபடி திறந்தாள். போகிற போக்கில் படங்களைப் பெரிதாக்கினாள். மணல் குளவி, வயிற்றில் மஞ்சள் பட்டைகள். நான்கு படங்களில் இரண்டாவது பட்டை நடுவில் உடைந்திருந்தது. ஐந்தாவதில் உடையவில்லை, அதற்குள் இரண்டு கரும்புள்ளிகள், அரிய இனத்தின் அடையாளம். நேற்று அவற்றை நிழல் என்று தள்ளியிருந்தாள். நிழல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழாது.

பூச்சிகளை இனம்பிரிக்கும் அந்த அலுவலகத்தில் பதினோரு வருடமாக, சந்தேகமான படத்தை நம்பி அவள் முடிவு சொன்னதில்லை. நேற்று சொன்னாள். அந்தக் குளவிகளைப் படமெடுத்த மணல்திட்டில் கட்டிடம் எழுப்பப்போகும் மேஸ்திரி அவளுடைய அண்ணன். எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவன். அரிய குளவி என்றால் அங்கே மண்வெட்டிகூட வைக்க முடியாது. அவன் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று எதிரே உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு இயந்திரம் மண் அள்ளத் தொடங்கும். மணி எட்டு ஐம்பது. அண்ணன் போனை எடுக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது திட்டின் ஒரு ஓரம் வழிக்கப்பட்டிருந்தது.

"அண்ணா, மெஷினை நிறுத்தச் சொல்லு."

"நேத்து நீதானே சரின்னு சொன்ன? பேப்பர்ல உன் கையெழுத்து இருக்கு."

"இருக்கு. தப்பாப் போட்டுட்டேன்."

"பத்து பேர் என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறாங்க. என்னன்னு சொல்றது?"

"தங்கச்சி தப்பு பண்ணிட்டான்னு சொல்லு. ஆபீஸ்லயும் நானே சொல்லிக்கிறேன்."

அவன் அவளையே பார்த்தான். தாடை இறுகித் தளர்ந்தது. பிறகு ஓட்டுநரை நோக்கிக் கையைத் தூக்கினான். சத்தம் அடங்கியது.

"இனிமே எனக்கு நல்லது செய்யணும்னு நினைக்காதே," என்றான், குரலை உயர்த்தாமல்.

வழித்த மண்ணில் குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக நிழலுக்கு நகர்ந்தார்கள். அண்ணன் மட்டும் வெயிலிலேயே நின்றான். ஒரு குளவி வந்தது. பிடித்த ஈயைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தடத்தின் மேல் வட்டமிட்டது, விலகியது, திரும்ப வந்தது. அதன் பொந்து அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும். கடைசியில் தரையில் இறங்கி, இறுகிப்போன மணலை முன்னங்கால்களால் விடாமல் கீறத் தொடங்கியது.