வயிற்றில் ஒளித்தது

"என் பொண்ண என்கிட்ட குடுத்துடுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்றுதான் இரண்டு பக்கப் பெரியவர்களும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வேலையை விடமாட்டேன் என்றதற்காகப் புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள். பிள்ளை அப்பன் வீட்டுச் சொத்தாம்; எப்போதாவது வந்து பார்க்கலாமாம். பார்த்துவிட்டுப் போனால் குழந்தை அழுகிறது என்று பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில மானத்தை வாங்காத. அவளை வளர்த்தது எங்கக்கா," என்றான் புருஷன்.

"ஆமா, நல்லா வளர்த்தாங்க."

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "என்னடி குறை வெச்சேன்? முடியை வாயில வெக்கிறாளேன்னு மொட்டை அடிச்சேன். கையைக் கட்டிப் படுக்கப் போட்டேன். பெத்தவகூட இவ்வளவு பண்ணமாட்டா!"

இங்கே கொண்டுவருவதற்கு முன்பு பிள்ளை சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். அடம் என்று அடித்தார்கள். மேல்வயிற்றில் கல் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி.

"முடி திங்கிற பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா முதல் நாளே கேட்டாள். "சேச்சே!" என்றாள் நாத்தனார். பைத்தியம் என்று பேர் வந்தால் நாளைக்கு எவன் கட்டுவான்? அந்த ஒரு பொய்யால், புற்றுநோயோ என்று தேடியே நாட்கள் ஓடின. கடைசியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடி. வயிற்றைத் திறந்து எடுத்தபோது, இரைப்பையின் அச்சிலேயே கறுத்துத் திரண்டிருந்தது.

மொட்டைத் தலைப் பிள்ளைக்குள் முழ நீள முடி எப்படி? மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாள். "யார் முடிடா கண்ணு?"

"அம்மா சவுரி."

உதிர்ந்த தன் முடியைச் சேர்த்து அம்மா கட்டிய சவுரி. துரத்தப்பட்ட அன்று அலமாரியிலேயே தங்கிவிட்டது.

"அத்தை அம்மாவோடதெல்லாம் தூக்கிப் போட்டாங்க. வயித்துல வெச்சா யாரும் எடுக்க முடியாதுல்ல?"

அம்மாவுக்கு ஆள் அனுப்பியது டாக்டரம்மாதான். "காரணம் போகலேன்னா கட்டி திரும்ப வரும். மனநல டாக்டர்கிட்டயும் காட்டணும்," என்று எல்லார் எதிரிலும் சொன்னாள்.

இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புருஷன் குரலைத் தாழ்த்தினான். "மனநலம் அது இதுன்னு வெளிய மூச்சு விடாத. வேலையை விட்டுட்டு நீயே வந்துடேன். குழந்தைக்காக."

"வந்தா அவ கையோட சேர்த்து என் கையையும் கட்டுவீங்க."

"தூக்கிட்டுப் போனா கேஸ் போடுவேன். ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

தையல் இழுக்காமல் பிள்ளையை அள்ளித் தோளில் சாய்த்தாள். அது கழுத்தைக் கட்டிக்கொண்டது. "நாளைக்கும் இருப்பியாம்மா?" என்றது. அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டுப் போற?" என்று பின்னால் நாத்தனார் கத்தினாள்.

வாசலில் வண்டி நின்றது. உள்ளே வந்து கேட்பதற்கு முன்பே அதை நிற்கச் சொல்லியிருந்தாள்.