எண்பத்தொரு கெளுத்திகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. முதல் வரைவில், குளத்தில் மீன் விட்டவன் சுகுமாறன் என்றொரு லோரி ஓட்டுநர். அவனுக்கு மீசை, முன்கோபம், செரண்டாவில் ஓர் அண்ணன் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஆள் நிற்கவில்லை. மீன் விட்டவன் நான்தான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிறு மலருக்குக் கதை எழுதுகிறவன். இனி சுகுமாறனைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

2

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி லோகேஸ்வரிக்கு வயிற்றில் ஆபரேஷன். சனி பார்வை என்றார் சோசியர். ஒன்பது சனிக்கிழமை, வாரம் ஒன்பது உயிர்மீன் தண்ணீரில் விட வேண்டும். மார்க்கெட்டில் உயிரோடு கிடைத்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றுதான். வாளியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் விட்டேன். மொத்தம் எண்பத்தொன்று. ஒவ்வொன்றையும் கும்பிட்டுத்தான் விட்டேன்.

(ஆற்றில் விட்டிருக்கலாமே என்கிறீர்களா? ஆறு தூரம். இதைவிட நல்ல காரணம் சொன்னால் அது கற்பனை.)

லோகேஸ்வரி பிழைத்தாள். தையல் ஆற விரால் சூப் கொடுக்கச் சொன்னார்கள். இங்கே ஆபரேஷன் என்றாலே ஹாருவான்தான், அதாவது விரால். ஒரு மாதம் தினமும் தூண்டில் போட்டுப் பிடித்துக் கொடுத்தவர் பக்கத்து லயத்து ராஃபேல், முன்பு மண்டோராகத் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கியவர். அதே குளத்து மீன்.

3

போன மாதம் ராஃபேலின் மகள் கிளாரிஸ்ஸாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். தையல் சீழ் பிடித்துவிட்டது. ராஃபேல் தினமும் காலையில் குளத்துக்குப் போகிறார். தூண்டிலில்

(இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கிவிட்டேன்.)

தூண்டிலில் கெளுத்திதான் வருகிறது, முழங்கை நீளத்துக்கு. குளம் நிறைய இருந்த சின்ன மீன்களைக் காணோம். விராலையும் காணோம்.

“எவனோ கொண்டாந்து வுட்டுருக்கான், கிராணி. தானா வராதுலா இந்தச் சனியன். குஞ்சு ஒண்ணு வுடாம முழுங்கிருச்சி,” என்றார் ராஃபேல்.

“இருக்கும்ண்ணே,” என்றேன்.

“நீங்கதான் எழுதுறவராச்சே. பேப்பர்ல போட்டு அவன நாறடிங்க.”

“எழுதுறேன்ண்ணே.”

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

4

இங்கே ஒரு கட்டுரை இருந்தது. தோட்டத்துப் புல் மருந்தும் காரணமாக இருக்கலாம், வாய்க்காலைத் தூர்த்ததும் காரணமாக இருக்கலாம் என்று இரண்டு பத்தி. பொய்யில்லை. ஆனால் எழுத எழுத எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனால் அடித்துவிட்டேன். ஓர் உயிருக்காக வேண்டிக்கொண்டு ஒரு குளத்தையே காலி செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மறுபடி சோசியர் சொன்னால் மறுபடியும் வாளியைத் தூக்குவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

5

லோகேஸ்வரிக்குப் போன வாரம் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள்.

இன்று காலை வாசலில் ராஃபேல் நின்றார். கையில் வாளி. உள்ளே ஒரே ஒரு விரால், நல்ல பெரிசு.

“பெரிய வாய்க்கா வரைக்கும் போய்ட்டேன் கிராணி. நாலு நாளைக்கு இது ஒண்ணுதான் மாட்டுச்சி.”

“கிளாரிஸ்ஸாவுக்கு?”

“அவ சின்ன வயசு, மருந்துலயே ஆறிரும். ஒங்க வூட்டுக்காரம்மாவுக்கு ரெண்டாவது தடவ. வச்சிக்குங்க.”

வாங்கிக்கொண்டேன். நன்றி கூடச் சொன்னேன்.

6

முடிவு ஒன்று: மீனோடு ராஃபேல் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுகுமாறனாக இருந்தால் போயிருப்பான்.

முடிவு இரண்டு: மீனை மட்டும் கிளாரிஸ்ஸாவுக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

முடிவு மூன்று: சூப் வைக்கிறோம். லோகேஸ்வரிக்குத் தையல் ஆறுகிறது. ராஃபேல் வந்து விசாரித்துவிட்டு, சந்தோஷமாக

இதைத்தான் தயங்காமல் எழுத வருகிறது, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவுக்குத் துணையாக வந்திருக்கும் மைத்துனி புஷ்பா சமையலறையிலிருந்து கேட்கிறாள்: “மாமா, மீன ஆஞ்சிறவா, வேணாமா?”

பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு முன், உள்ளே படுத்திருப்பவள் உங்கள் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாரிஸ்ஸா உங்கள் மகள் என்றும்.