மேலே நாற்பது அடி

நில அளவை அலுவலகத்துக்கு நான்காவது முறையாக வந்து நின்றாள் அந்தத் தையற்காரி. அளவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக எழுதிவரும் அதே வரியைக் கோப்பிலிருந்து படித்தார்: "வீட்டுச் சுவரிலிருந்து கடலோரப் பாறை விளிம்பு வரை நாற்பது அடி. ஆபத்து இல்லை." ஆபத்து என்று அவர் எழுதினால்தான் அவளுக்கு மாற்று வீடு கிடைக்கும். எழுத மனுஷனுக்கு மனம் வரவில்லை.

"போன மாசம்கூட நானே டேப் வச்சு அளந்தேனேம்மா."

"மேல நின்னு அளந்தீங்க சார். கீழ எறங்கினீங்களா?"

"கீழ என்ன இருக்கு? மணல்தானே?"

அவள் குரல் உயர்ந்தது. "கடலுக்குள்ள ஒத்தையா நிக்குதே ஒரு பாறைத் தூண், அதுக்கும் கரைக்கும் நடுவுல முன்ன இருந்த பாறைமேலதான் எங்க சித்தப்பா வீடு இருந்துச்சு. முதல்ல அலை அடியில குடைஞ்சு குகையாக்குச்சு. குகை மறுபக்கம் தொறந்து வளைவாச்சு. வளைவு இடிஞ்சப்ப வீட்டோட சித்தப்பாவும் போனார். தூண்தான் மிச்சம். அப்ப இருந்த அளவரும் மேலயே அளந்துட்டுப் போனவர்தான்."

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அந்த மானக்கேட்டுக்குப் பயந்துதான் அளவர் டேப்பையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனசாட்சி என்று யாரும் நினைத்து ஏமாற வேண்டாம்.

கடல் உள்வாங்கியிருந்தது. விளிம்புக்கு நேர் கீழே, குகை வாயிலில் அவள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்து உள்ளே போனார். இருபது அடி, முப்பது, நாற்பது. குகை முடியவில்லை. நாற்பத்து மூன்றில் தலை கூரையில் இடித்தது. மேலே கடகடவென்று ஏதோ ஓடியது. சட்டைக் காலருக்குள் மணல் உதிர்ந்தது.

"என்ன சத்தம் இது?"

"எங்க அக்கா சார். மெஷின்ல தைக்கிறா. வேற போக்கிடம் இல்ல."

போனதைவிட வேகமாக வெளியே வந்தார். ஈரக் காற்சட்டையோடு நின்றபடியே கோப்பில் எழுதினார்: "ஆபத்து. இன்றே காலி செய்ய வேண்டும்."

"பாழாப்போன கடல், இப்படியா குடையும்?" என்றார்.

அவள் டேப்பைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

"கடலைத் திட்டாதீங்க சார். அது அதோட வேலையைத் தினமும் தவறாம பாக்குது. உங்க ஆபீஸ்ல ஒருத்தர், ஒரே ஒரு நாள், எறங்கி வந்து தன் வேலையைப் பார்த்திருந்தா எங்க சித்தப்பா இன்னைக்கு உயிரோட இருப்பார்."