இரண்டே பெயர்கள் இருந்த தனிச்செய்தி

அந்த வியாழக்கிழமை காலை என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: குடும்பத் தலைவன் ஓபாரே டார்க்வா ஆகிய நான், என்னிடம் வரும் சொல்லையும் என்னிடமிருந்து போகும் சொல்லையும் எடுத்துச் சொல்லும் அம்பொன்சா, இணையத்தில் எங்கள் குடும்ப மன்றத்தை நிர்வகிக்கும் என் தங்கை மகள் கொராந்தேமா. வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை என் அக்கா அஜேவாவின் அடக்கம். அவள் மகள் பிராகோ வீட்டு விஷயமாக என்னை நீதிமன்றத்துக்கு இழுத்தவள். அன்றிலிருந்து கொஃபொரிடுவாவில் எங்கள் வாசலை அவள் மிதித்ததில்லை. பெற்ற தாயைக் கிடத்தியிருக்கும் இடத்தில் அவள் உட்காரலாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அவள் மன்றத்தில் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருந்தாள். திறந்தேன். மேலே இரண்டே பெயர்கள்: அவளுடையது, என்னுடையது. மன்னிப்போ முறையீடோ, எதையும் தலைவனிடம் எங்களில் எவரும் நேரே சொல்வதில்லை. அம்பொன்சாவிடம் சொல்வார்கள், அவர் என்னிடம் சொல்வார். மன்றத்திலும் எனக்கு வரும் ஒவ்வொரு தனிச்செய்தியிலும் அவர் பெயர் இருக்கும். மன்னிப்புக் கேட்கத்தான் எழுதியிருப்பாள், அதற்கும் அவரைத் தாண்டி வருவதா என்று, படிக்காமலே மூடிவிட்டேன்.

"நீங்க மூடிட்டீங்க மாமா. ஆனா படிச்சிட்டதா அவளுக்குக் காட்டுது" என்றாள் கொராந்தேமா. "மன்றத்தோட பழைய மென்பொருள்ல அது கிடையாது. படிச்சும் பதில் சொல்லலைன்னு அழுதுக்கிட்டு டகோராடியிலயே உக்காந்திருக்கா. வரமாட்டாளாம்."

"என் பேரை விட்டுட்டுப் போனா அப்படித்தான்" என்றார் அம்பொன்சா. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க பெரியவரே. உங்க பேருக்குத்தான் ஆபத்து. மென்பொருள் மாத்தினதுலேர்ந்து மூணாவது பேரைப் போட்டா சத்தமில்லாம தள்ளிடுது. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

"அவ இவர் பேரைப் போட்டான்னு உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் என் கைப்பேசியை வாங்கி, செய்தியை வாசித்தாள். "அம்பொன்சா பெரியவரே, நான் பண்ணினது தப்புன்னு என் மாமாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. அம்மா தலைமாட்டுல உக்கார மட்டும் விடச் சொல்லுங்க."

அம்பொன்சா எழுந்தார். தோளில் கிடந்த துணியை இறக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தலைவரே, பிராகோ சொல்லி அனுப்பியிருக்கு" என்று தொடங்கி, அந்தச் சொற்களை ஒன்று விடாமல் என்னிடம் சொன்னார். எல்லாம் சற்றுமுன் என் காதில் விழுந்தவைதான். ஆனால் அவை என்னிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

"அவ அம்மாகிட்ட வந்து உக்காரட்டும்னு சொல்லுங்க" என்றேன்.

கொராந்தேமா மன்றத்தின் அமைப்பைச் சரிசெய்து அம்பொன்சாவின் பெயரைச் சேர்த்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் எழுதினார்.

வெள்ளிக்கிழமை பிராகோ வந்தாள். மறுநாள் தாயின் தலைமாட்டை விட்டு அவள் நகரவில்லை.

நான் இறங்கிப்போய் அவளுக்கு நேரே எழுதினேன் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் எழுதவில்லை. எழுதியவர் அம்பொன்சா.