அப்பா போன வாக்கியம்

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, அனுஷியாவின் அப்பா சுவரில் இறந்துபோயிருந்தார்.

நுழைவாசலிலிருந்து நூலகம் வரை நீளும் அந்தச் சுவருக்குச் சாதனைச் சுவர் என்று பெயர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த அந்தப் பள்ளியில் பாதிப் பாடம் பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் நடக்கும். சுவரும் அப்படித்தான். போன வருடம் இறுதிப் பரீட்சையில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்ற பதினொரு பேர், பாங்கொக்கில் நீச்சலுக்கு வெண்கலம் வாங்கிய இரட்டையர், கணிதத்தில் பெரிய இடம் பிடித்த ஒரு மெலிந்த பையன் என்று எல்லாரும் அங்கே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் அன்று அனுஷியாவின் படமும் இருந்தது. படத்துக்குக் கீழே பிரெஞ்சு, அதற்குக் கீழே ஆங்கிலம். அதற்கும் கீழே, அந்தச் சுவரில் முதல்முறையாக, தமிழ்.

‘ஒன்பது வயதில் தந்தையை மரணத்திடம் பறிகொடுத்த கொட்டாஞ்சேனை மாணவி அனுஷியா சங்கிலி, ஆசியாவிலுள்ள பிரெஞ்சுப் பள்ளிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டியில் முதலிடம்.’

அவள் அதை மூன்று முறை வாசித்தாள். அவளுக்குத் தெரிந்தவரை, அப்பா சங்கிலி அந்த நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

“எப்பிடி ஈக்கி மகள்?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முன் அலுவலகத்தில் வேலை செய்யும் நஸீறா. கையில் பசைப் போத்தலோடு நின்றாள். “நான்தான் எழுதின. மூணு தரம் அழிச்சு எழுதின. தமிழும் போடணும்டு அதிபர்ட்ட நான்தான் நிண்டு கேட்ட. பேஸ்புக்லயும் போட்டீக்கி, பாருங்கோ, எத்தன பேர் பார்த்தீக்கி.”

“நல்லா இருக்கு ஆன்ட்டி,” என்றாள் அனுஷியா.

நஸீறா அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பசை வாசம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிழை நஸீறாவுடையது அல்ல. பிரெஞ்சில் இருந்ததைத்தான் அவள் தமிழில் எழுதியிருந்தாள்.

கட்டுரைக்குத் தலைப்பு ‘நான் போய் வருகிறேன்’. விடைபெறும்போது தமிழர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, அந்தச் சொல் திரும்பி வராதவர்களுக்கு உரியது, அதனால் கடைக்குப் போகிறவரும் ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவார் என்று அவள் அதில் விளக்கியிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார். அதற்கடுத்த வாக்கியத்தை முதலில் ‘இல் எ பார்த்தி’ என்று எழுதினாள். அவர் போனார், அவ்வளவுதான். பிரெஞ்சு ஆசிரியை மதாம் செலின் அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி, “உன் அப்பா?” என்று மெல்லக் கேட்டாள். அனுஷியா தலையசைத்தாள். மதாம் செலினின் கண்கள் கலங்கின. “இங்கே ‘இல் நூஸா கித்தே’ என்று போட்டால் இன்னும் அழகாக இருக்கும்,” என்றாள்.

அவர் எங்களை விட்டுப் போனார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. மாற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, நூலகத்தில் ஒரு பிரெஞ்சு நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது அதே வாக்கியம் ஒரு மரண அறிவித்தலில் வந்தது. கறுப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள், பெயருக்குக் கீழே: இல் நூஸா கித்தே. அனுஷியா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டுரையை அனுப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் போயின.

இப்போது அந்த வாக்கியத்துக்குக் கால் முளைத்திருந்தது. பிரான்சின் லியோன் நகரில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் அமைப்பு, கட்டுரையை வாசித்துவிட்டு அவளுக்குப் பல்கலைக்கழக இடமும் தங்க அறையும் தருவதாக எழுதியிருந்தது. விண்ணப்பம் அவளுடைய பைக்குள் இருந்தது. அதில் ஒரு வரி: தந்தை. பக்கத்தில் இரண்டு பெட்டிகள். உயிருடன், காலமானார். வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழாவில் அவள் கட்டுரையை வாசிக்க வேண்டும், வாசித்த கையோடு விண்ணப்பத்தையும் மதாம் செலினிடம் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை பள்ளி விட்டபின், அம்மா வேலை முடித்து வரும்வரை ரயில் பாதை ஓரத்துக் கல்லில் அனுஷியா உட்கார்ந்திருந்தாள். அம்மா மயிலம்மா அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவியாள். ஊழியரின் பிள்ளை என்றுதான் அனுஷியாவுக்கு அங்கே இடமே கிடைத்தது. கைபேசி ஒலித்தது.

“புள்ள, நான்தான்.”

பிறந்தநாளுக்கு மட்டும் கேட்கும் குரல். “ம்,” என்றாள்.

“நான் செத்து எத்தன நாளாச்சுன்னு கேக்கலாம்னு எடுத்தேன்.”

அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“மார்க்கெட்டே போன வச்சுக்கிட்டுச் சிரிக்குது. தர்ஷன்னு ஒரு பய, கூட வேல செய்றவன், என் ஐஸ் பெட்டி மேல பூ வச்சுட்டுப் போறான். கருமாதிச் சாப்பாடு எப்பன்னு ஒருத்தன் கேக்குறான். டீக்கடையில எங்கிட்டச் சல்லி வாங்க மாட்டேங்கிறான், செத்தவன்கிட்ட வாங்கக்கூடாதாம்.”

வேறு யாருடைய அப்பா சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். “கோவமாப்பா?” என்று கேட்டாள். ‘அப்பா’ என்ற சொல் நாக்கில் புதிதாக இருந்தது.

“கோவம் என்னாத்துக்கு. நான் பண்ணுனதுக்கு...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு லொறி பின்வாங்கும் சத்தம் கேட்டது. “படத்துல நல்லா இருக்க. என்னயப் பத்தி என்னா எழுதுன?”

“போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்கன்னு.”

“அது உள்ளதுதானே. வெள்ளிக்கிழம கூட்டமாமே. ஒரு ஓரமா நின்னு பாக்கலாமா? யாருன்னு சொல்ல மாட்டேன்.”

“தெரியலப்பா.”

“சரி சரி. நீ படி.” வைத்துவிட்டார்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். அவளுடைய நெற்றி வெறுமையாக இருந்தது. வேலைநாட்களில் அது எப்போதும் வெறுமைதான். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய குளியலறைக் கண்ணாடியின் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அதை நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டுவாள். மாலையில் முகம் கழுவியதும் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வாள். கோயிலுக்குப் போகும் நாளில் பொட்டோடுதான் போவாள். எட்டு வருடமாக அனுஷியா இதைப் பார்த்து வளர்ந்தாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்ற பயம்.

வியாழன் மாலை விண்ணப்பத்தை மேசையில் விரித்து வைத்தாள். அம்மா அடுப்பில் சோற்றுப் பானையைக் கிளறியபடி திரும்பாமலே கேட்டாள்.

“அதுல என்னா கேக்குறான்?”

“அப்பா இருக்காரா, இல்லியான்னு.”

“இல்லன்னு போடு.”

“அம்மா.”

“என்னா அம்மா? ஒனக்குக் காச்சல் வந்தப்ப இருந்தாரா? பரிச்ச எழுதுனப்ப இருந்தாரா? ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வூட்டுல இருக்குறது எந்தக் கணக்குல இருக்குறது?”

“நேத்துப் போன் பண்ணினாரு.”

கரண்டி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

“மொத மொதல்ல வேல கேட்டுப் போனப்ப,” என்றாள் அம்மா, “ஆபீஸ்ல அப்ப இருந்த நோனாம்மா, புருசன் என்னா பண்றாருன்னு கேட்டாங்க. போயிட்டாருங்கன்னேன். அவுங்க மொகம் அப்பிடியே எளகிப்போச்சு. கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவுங்களா எழுதிக்கிட்டாங்க. நான் பொய் சொல்லல.”

“நானும் அதேதாம்மா எழுதினேன். போயிட்டாருன்னு.”

“அப்புறம் என்னா?”

“அத எப்பிடி வாசிப்பாங்கன்னு எனக்கு அனுப்பறதுக்கு முன்னமே தெரியும்.”

அம்மா அடுப்பைத் தணித்தாள். அவளுடைய நெற்றியில் பொட்டு இருந்தது.

“எனக்குந்தான் தெரியும்,” என்றாள். பிறகு உட்கார்ந்தாள். “புருசன் செத்தவன்னா பாவம்பாங்க. வுட்டுட்டுப் போனவன்னா, இவ என்னா பண்ணாளோன்னு பாப்பாங்க. நாளைக்கே என் கிளாஸ் புள்ளைங்களோட அம்மாமாரு பாக்குற பார்வை மாறிப்போகும். ஒனக்குப் பிரான்சும் போகும். நல்லா யோசிச்சுக்க.”

அனுஷியா பேனாவை எடுத்தாள். இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் இருந்தன. பேனாவை மூடி வைத்தாள்.

வெள்ளி காலை முகம் கழுவப் போனபோது கண்ணாடி மூலை வெறுமையாக இருந்தது. பொட்டு கீழே விழுந்துவிட்டதோ என்று தரையில் தேடினாள். வெளியே வந்தபோது அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பொட்டு நெற்றியில் இருந்தது. புறக்கோட்டையில் பஸ் மாறும்போது எடுத்துவிடுவாள் என்று அனுஷியா நினைத்தாள். அங்கே எடுக்கவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்போதும் எடுக்கவில்லை. பள்ளி வாசலில் ஒரு தடவை அம்மாவின் கை நெற்றிவரை போனது. முந்தானையால் வேர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

விழா பத்தரைக்குத் தொடங்கியது. தூதரகத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அதிபர் சாதனைகளை வரிசையாக வாசித்தார். நீச்சலுக்குக் கைதட்டல், கணிதத்துக்குக் கைதட்டல். அனுஷியாவின் பெயர் வந்ததும் மண்டபத்தில் ஒரு கனிவு பரவியது. அந்தக் கனிவு அவளுக்குத் தெரியும். சுவரில் படம் ஏறிய நாளிலிருந்து எல்லார் முகத்திலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரையை வாசிக்கத் தொடங்கினாள். கடைக்குப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், கொழும்பை விட்டே போகிறவர் என்று ‘போயிட்டு வர்றேன்’ சொல்லும் எல்லாரையும் கடந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தாள். பின்வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே அம்மா நின்றாள். அவ்வளவு தூரத்திலும் சிவப்பு தெரிந்தது. அனுஷியா தாளிலிருந்து கண்ணை எடுத்து, அங்கே இல்லாத ஒரு வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொன்னாள்:

“அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு வீட்டில் வாழப் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.”

மதாம் செலின் நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் யாரோ காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அனுஷியா மிச்சத்தையும் வாசித்து முடித்தாள். கைதட்டல் வந்தது. முன்பு மற்றவர்களுக்கு வந்ததைவிடக் குறைவாக, யாராவது முதலில் நிறுத்தட்டும் என்று காத்திருப்பதுபோல.

மண்டபத்துக்கு வெளியே மதாம் செலின் அவளை நிறுத்தினாள். “நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?”

“முதலில் ஆமாம், மதாம். பிறகு எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.” பெட்டிகள் வெறுமையாக இருந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மதாம் செலின் அதை இரண்டாக மடித்தாள். பிறகு நான்காக மடித்தாள். “நடுவர்களுக்கு நான் எழுத வேண்டியிருக்கும். பரிசைப் பற்றி அவர்கள்தான் முடிவு செய்வார்கள்,” என்றாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி, “கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது,” என்றாள், முன்பின் தெரியாத யாரோ எழுதியதைப் பற்றிச் சொல்வதுபோல.

சாதனைச் சுவருக்கு முன்னால் நஸீறா நின்றாள். தமிழ் வரி இருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. “எனக்கு ஒரு வார்த்த செல்லி ஈக்கலாமே மகள்,” என்றாள், திரும்பிப் பாராமல். “உசிரோட ஈக்கிற மனுசன. அல்லாஹ் என்னய மன்னிக்கட்டும்.”

அனுஷியா பக்கத்தில் போய் நின்றாள். தாளின் மறு ஓரத்தை அவளும் சுரண்டத் தொடங்கினாள்.

பிற்பகல் அம்மாவும் அவளும் வாசலுக்கு வந்தபோது காவலாளி றொஹான் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டான். சிங்களவன். அவனுடைய தமிழ் அந்த வாசலில் நின்று கற்றுக்கொண்ட தமிழ்.

“நங்கி, காலையில ஒரு ஆள் வந்தது. ஒம்பதரை மணி மாதிரி. கூட்டம் பாக்கணும் சொல்லுது. யாரு கேட்டேன். அனுஷியாட அப்பா சொல்லுது.” அவன் சங்கடமாகச் சிரித்தான். “நான் சொன்னேன், அண்ணே, பொய் சொல்ல வேணாம், அந்தப் புள்ளைக்கி அப்பா இல்ல, செவுத்துல எழுதி இருக்கு. அந்த ஆள் சண்ட போடல. உள்ள எட்டிச் செவுத்தப் பாத்துச்சு. பொறகு இத குடுத்துட்டுப் போயிருச்சு.”

கதிரைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தான். பொலித்தீனுக்குள் பாரை மீன் ஒன்று. அதைச் சுற்றி இருந்த ஐஸ் அநேகமாகக் கரைந்துவிட்டது. தூக்கியபோது தண்ணீர் ஒழுகி அவனுடைய சப்பாத்தை நனைத்தது.

“ஏதாச்சும் சொன்னாரா?” என்று அனுஷியா கேட்டாள்.

றொஹான் யோசித்தான். “போயிட்டு வாறன் சொல்லிச்சு. வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் ஒழுங்கையின் முனைவரை பார்த்தாள். அங்கே பெருவீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. அம்மா பையை வாங்கி, விரலால் மீனின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

“இன்னம் கெடல,” என்றாள். “கெளம்பு. வூட்டுக்குப் போறதுக்குள்ள கெட்டுப்போயிடும்.”