ஐந்து மணி மாத்திரைகள்

பஸ் டிப்போவில் தொலைந்த பொருட்களுக்கென்று ஓர் அறை உண்டு. குடை, டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு என்று அலமாரி நிறைய இருக்கும். ஒரு தடவை யாரோ பல்செட்டைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எதைச் சாப்பிட்டார்களோ, எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்களோ, தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. இவற்றுக்கு நடுவே கிடந்த நாற்காலியில்தான் பத்து மாதமாக அவள் உட்கார்ந்திருந்தாள். டிப்போவில் எல்லோருக்கும் அவள் 'நாற்பத்திரண்டு அக்கா'. பதினோரு வருஷம் நாற்பத்திரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவள். இப்போது அந்தப் பஸ்ஸை வேறொருவன் ஓட்டுகிறான்.

அவள் ஏன் இறங்கினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிப்போவில் பேசிக்கொள்வதுதான் கதை என்று ஆகிவிடும். அதற்கு முந்தைய ஆறேழு மாதமாகவே உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். சீப்பில் முடி கொத்தாக வந்தது. வெயில் கொளுத்தும்போதும் பாதம் சில்லென்று கிடந்தது. ஒரு மதியம் சிக்னலில் நின்றவள், ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்தபோது பச்சை வந்து போய் மறுபடியும் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்குள் அறுபது பேர்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நடையை முடித்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சாவியை மேசையில் வைத்தாள்.

"சார், என்னால முடியல. ஏதாவது ஆகுறதுக்குள்ள என்னை இறக்கிடுங்க."

மேனேஜர் நல்ல மனுஷன்தான், விதிப்புத்தகம் கையில் இல்லாதபோது. "உடம்பு சரியில்லைன்னா ஒரு வருஷம் வரைக்கும் டிரைவர் இடம் உங்களுக்கே இருக்கும். அதுக்குள்ள 'வண்டி ஓட்டலாம்'னு டாக்டர் எழுதித் தரணும். இல்லேன்னா அப்புறம் நிரந்தரமா மேசை வேலைதான்" என்றார்.

ஒரு வருஷம் எதற்கு, ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். டாக்டர் என்றால் அரைத்தூக்கத்தில் இருக்கிற ஒரு பெண்மணி. வாசலில் நாற்பது பேர் காத்திருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது.

"டி.எஸ்.எச். பதினெட்டு இருக்கும்மா. நாலு, நாலரைக்குள்ள இருக்கணும்."

"அப்ப தைராய்டு அதிகமா சுரக்குதா டாக்டர்?"

"எல்லாரும் இப்படித்தான் தலைகீழா புரிஞ்சுக்குறாங்க. டி.எஸ்.எச். தைராய்டுல சுரக்குறது இல்ல. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அது தைராய்டைப் பாத்து 'வேலை செய்யி'ன்னு விரட்டுற சத்தம்தான் இது. தைராய்டு மந்தமானா சத்தம் கூடும். நம்பர் ஏறிச்சுன்னா உங்க தைராய்டு படுத்துக்கிச்சுன்னு அர்த்தம்."

டிரைவர் நகராவிட்டால் கண்டக்டர் விடாமல் விசில் ஊதுவானே, அது என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டர் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதி, "காலையில வெறும் வயித்துல" என்றார். இன்னொரு பரிசோதனையின் முடிவு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. ஹீமோகுளோபின் பதினொன்றே முக்கால். "பெரிசா குறைவில்லையே" என்று அவள் சொல்ல, டாக்டர் அடுத்த வரியைக் காட்டினார். ஃபெரிட்டின் ஆறு.

"ஹீமோகுளோபின் வண்டியில இருக்குற டீசல்னு வச்சுக்குங்க. ஃபெரிட்டின் உங்க டிப்போ டாங்க்ல இருக்குற இருப்பு. வண்டி எப்படியோ ஓடுது, டிப்போ டாங்க் காலி. மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுதுன்னீங்களே, தைராய்டு மந்தமானா அதுவும் கூடும்." அன்று தனிச்சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

இனிமேல்தான் கணவர் வருகிறார். அதே டிப்போவின் பட்டறையில் மெக்கானிக். வேலையில் சூரப்புலி. ஒரு வண்டியைக் குழிமேல் ஏற்றினால் எண்ணெய், ஃபில்டர், பிரேக், கிரீஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துத்தான் இறக்குவார். ஒரு வேலைக்காக வண்டியை இரண்டு தடவை நிறுத்துவது அவருக்கு ஆகவே ஆகாது. மனைவியின் உடம்பையும் அதே கையால்தான் எடுத்துக்கொண்டார். பாவம், வேறு எந்தக் கையால் எடுப்பார்? காலை ஐந்து மணிக்கு எழுந்து பாலைச் சுடவைத்து, சாசரில் இரண்டு மாத்திரையையும் வைத்து அவளை எழுப்புவார். "இந்தா, எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சிடு. பகல்ல மறந்துபோற தொல்லையே இல்ல." வெறும் வயிறு என்று டாக்டர் சொன்னாரே என்றால், "பால் என்ன சாப்பாடா?" என்பார். முழுங்கியதும் சுவர் காலண்டரில் ஒரு டிக் போடுவார். தான் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து டிக் போட்டார். பத்து மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை.

ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். பதினாறு. டாக்டர் மாத்திரையின் அளவை எழுபத்தைந்து ஆக்கினார். அப்புறம் டி.எஸ்.எச். பதினைந்து. நூறு ஆக்கினார். ஃபெரிட்டின் ஆறிலிருந்து எட்டுக்கு ஊர்ந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சோர்ந்தாள். குடை தேடி வருகிறவரிடம் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கவே ஒரு கணம் யோசித்தாள். சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போய்க் கணவரோடு உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள். முற்றத்தைக் கடக்க வேண்டுமே.

நாத்தனார் வாயைத் திறந்தாள். "எங்க அண்ணன் ஊட்டி விடாத குறைதான். வேளாவேளைக்கு மாத்திரை கைக்கு வருது. இதுக்கு மேலயும் படுத்தே கிடந்தா அது உடம்பு இல்ல அண்ணி, மனசு." டிப்போவில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள், நாற்காலி சுகம் கண்டுவிட்டது என்று. மறுக்கவும் தெம்பில்லை. ஒருவேளை அப்படித்தானோ என்று அவளே நினைக்க ஆரம்பித்திருந்தாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

வருஷம் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது மறுபடியும் ரத்தம் கொடுத்தாள். கணவருக்கு அன்று வேலை. தனியாகத்தான் டாக்டரிடம் போனாள். டி.எஸ்.எச். பதினாலரை. டாக்டர் பேனாவை எடுத்து அடுத்த அளவை எழுதப் போனவர், நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. மாத்திரை சாப்பிடுறீங்களா, இல்லையா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். டாக்டர் கேட்டால் காட்டச் சொல்லிக் கணவர் அன்று காலைதான் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். காலண்டர் முழுக்க டிக். அதற்குக் கீழே மேசைமேல் அன்றைய சாசர், பால் டம்ளர்.

டாக்டர் டிக்கைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி டம்ளரைப் பார்த்தார். பிறகு சாசரை. தூக்கம் போய்விட்டது.

"இது ரெண்டையும் சேர்த்தா முழுங்குறீங்க? பாலோடயா?"

"ஆமா டாக்டர். காலையில அஞ்சு மணிக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். "தைராய்டு மாத்திரைய இரும்பு பிடிச்சு வச்சுக்கும்மா, உடம்புல சேரவே விடாது. பாலும் அதைத்தான் செய்யும். பால், டீ, காபியெல்லாம் இரும்பையும் சரியா சேர விடாது. பத்து மாசமா ரெண்டும் வயித்துக்குள்ள போயும் சரியா சேராம இருந்திருக்கு. தைராய்டு மாத்திரை காலையில, வெறும் தண்ணியில. அப்புறம் ஒரு மணி நேரம் ஒண்ணும் கூடாது. இரும்பு குறைஞ்சது நாலு மணி நேரம் தள்ளி, மதியமா வச்சுக்குங்க, பால் டீ இல்லாம." கொஞ்சம் தயங்கினார். "நானும் முதல்லயே கேட்டிருக்கணும். அளவை ஏத்திக்கிட்டே போனேனே தவிர எப்படி முழுங்குறீங்கன்னு கேக்கல. இப்ப அளவைத் தொடக் கூடாது. ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாம்."

ஆறு வாரம். அவளிடம் இருந்தது ஐந்து.

மருந்தை எடுத்துக்கொண்ட முறையில் பிழை, மேலும் அவகாசம் தேவை என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம், இதைக் கணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தாள். டாக்டர் நேரத்தை மாற்றச் சொன்னார் என்று பட்டும் படாமல் சொல்லிவிடலாம். ஐந்து மணிக்கு எழுந்த மனுஷன்.

ஆனால் அவர் கதவைத் திறந்ததுமே, "படத்தைக் காட்டினியா? என்ன சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

அவர் கையில் இருந்த துண்டால் துடைத்த விரலையே துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப... இந்தப் பத்து மாசமும் உன்னை உக்கார வச்சது நானா?"

'அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க' என்பது அவளுக்கு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கிற வாக்கியம். இருபது வருஷக் குடும்பத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இன்று அது வரவில்லை.

"ஆமா" என்றாள்.

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பு இல்லாமல் இருந்தவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "உங்க தங்கச்சி சொன்னப்ப நீங்க பேசாம நின்னீங்க. டிப்போவுல சிரிச்சப்பவும் பேசாம நின்னீங்க. நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேங்க. தெரியுமா? நானே நம்பிட்டேன்."

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மாத்திரையுமாக வந்தார். அவள் வாங்கி முழுங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அவளுக்கு முன்னதாகவே டிப்போவுக்குக் கிளம்பிப் போனார். மேனேஜர் அறையில் நடந்ததைக் குமாஸ்தா பிறகு அவளிடம் வந்து சொன்னார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு, "மருந்தைத் தப்பா சாப்பிட்டது அவங்க பிழை. இதுக்கு எப்படி அவகாசம் தர்றது?" என்று கேட்டாராம். மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்று, "பட்டறைக் கோளாறால வண்டி வழியில நின்னா டிரைவர் மேல எழுத மாட்டீங்கள்ல சார்?" என்றாராம்.

"மாட்டோம். பட்டறை மேலதான் எழுதுவோம்."

"அப்ப என் மேல எழுதுங்க. ரெண்டையும் சேத்துக் குடுத்தது நான். பால் குடுத்ததும் நான்."

மேனேஜர் முதலில் சிரித்திருக்கிறார். அப்புறம் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக் பட்டறைக் கோளாறுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அவர் பெயரில் அப்படி ஒரு தாள் போவது அதுவே முதல் தடவை. இரண்டு மாதம் அவகாசம் கிடைத்தது.

பதினோரு மணிக்குள் விஷயம் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. 'பால் மெக்கானிக்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மற்றவர்கள் ஒரு பக்கம் கூடிச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு பழைய டயர்மேல் தனியாக உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. சாப்பிடுங்க."

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மூன்றரை. ஃபெரிட்டின் இருபத்தொன்று; இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். அவள் தலை சுற்றலோ தூக்கமோ இல்லாமல் நாள் முழுக்க இருக்கிறாளா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் 'வண்டி ஓட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டு வேறொருவனுடையதாகிவிட்டது, அவளுக்கு ஏழாம் நம்பர் பஸ் கிடைத்தது. புதுத் தடம், ஏகப்பட்ட வளைவு, வாய்க்கு வாய் சண்டை போடும் பயணிகள்.

முதல் நாள் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு தரையிலேயே சாய்ந்தாள். தோள் கடுத்தது, முழங்கால் வலித்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

கணவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்ன பண்ணுது? அசதியா? மறுபடியும் வந்துடுச்சா?"

"அசதிதாங்க."

அவர் அப்படியே பக்கத்தில் குந்தினார். "நேரம் தள்ளித்தானே குடுத்தேன். பால்கூட..."

"எட்டு மணி நேரம் பஸ் ஓட்டினா அசதி வராதா?" என்றாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. "எனக்கு வேலை செஞ்ச அசதிங்க. ஒண்ணரை வருஷமாச்சு, இந்த அசதி வந்து. கொஞ்ச நேரம் தூங்க விடுங்க."

அவர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் தலைக்கடியில் வைத்தார். அரை மணி நேரத்தில் அவளாகவே எழுந்து, பசிக்கிறது என்றாள்.